மேலாடையும் மேன்மையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் நடுவண் நிற்பதாகிய உடை ஏனை இரண்டினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. ஒருவன் யாது உண்டான் என்பதைப் பிறர் அறியார். அவன் உறையும் வீட்டை அத்தெருவழிச் செல்வோரே காண்பர். உடையோ அவன் செல்லுமிடமெங்கும் உடன் செல்கின்றது. அவன் வாய் திறக்குமுன்னரே அவனைப்பற்றிப் பேசிவிடுகின்றது. ஆதலின், உயர்ந்தோர் எனத் தம்மை எண்ணியோர் தம் உயர்வைக் காட்டுதற்கும், பிறர் தமக்கு ஒப்பாகத் தோன்றாவண்ணம் தடுத்தற்கும், உடையையே கருவியாகக் கொண்டனர். ஈண்டு நாம் ஆராயப் புகுவது ஆடைகளின் அழகை அன்று. இன்னார் இன்னது உடுக்கலாம், இன்னார் உடுக்கலாகாது என்னும் கட்டளையின் வரலாற்றையே, நம் மதுரையையும் அதன் சூழலையும் முன்வைத்துக் காண விழைகின்றோம்.

மதுரை துணிக்குப் பெயர் பெற்ற ஊர். கோவலன் சுற்றிக் கண்ட வீதிகளுள் அறுவை வீதியும் ஒன்றெனவும், பருத்தியாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் ஆங்கு அடுக்கடுக்காகக் கிடந்தனவெனவும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கூறுகின்றது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் சிறந்த பருத்தித் துணி கிடைக்கும் நாடுகளை எண்ணுங்கால் மதுரையை முதற்கண் வைக்கின்றது. அம்மதுரை பாண்டியர் தலைநகரே என்பர் உரைகாரர். நாயக்க மன்னர் காலத்திற் சௌராஷ்டிர நெசவாளர் இங்குத் தழைத்தனர். அவர் கைவண்ணமாகிய சுங்குடிச் சேலை 2005-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்குங்கால் உடுத்தும் பட்டு எந்நிறம் என்று பார்த்து அவ்வாண்டின் விளைவைக் கணிக்கும் மக்கள் நம் மக்கள். பச்சைப் பட்டெனில் நாடு செழிக்கும் என்று மகிழ்வர். துணியைப் படிக்கும் கல்வியில் இவ்வூரார்க்கு நிகராவார் சிலரே என்று நாம் துணிந்து கூறலாம். இத்துணைத் துணி நெய்து விற்ற ஊரைச் சுற்றியிருந்த சிற்றூர்களிலேதான், ஒரு துண்டைத் தோள்மேல் இடுதற்கு உரிமையற்ற மாந்தர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

புறநானூற்றின் 189-ஆம் பாடல் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இயற்றியது. உலகம் முழுதும் ஆளும் வேந்தனுக்கும், இரவும் பகலும் துயிலாது விலங்கை வேட்டையாடும் கல்லாதவனுக்கும், வேண்டும் உணவின் அளவும் ஒன்றே, உடுக்கும் ஆடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்பது அதன் கருத்து. ஆடை எத்துணை என்பதையும் புலவர் சொல்லிவிட்டார்: இரண்டு, அரைக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று. செல்வத்தின் பயன் ஈகையே என்று காட்ட வந்த அப்புலவர், அவ்விரண்டாம் ஆடையே பிற்காலத்தில் மக்களைப் பிரிக்கும் வேலியாகும் என்று கனவிலும் எண்ணியிரார். முதல் ஆடையைப்பற்றி வழக்கு மிகுதியும் எழவில்லை. அதன் நீளத்தைப்பற்றியே எழுந்தது. வழக்கெல்லாம் மேலாடையைப்பற்றியது.

உடைக்குச் சட்டம் வகுத்தல் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி 1574-ஆம் ஆண்டில் விடுத்த ஆணை, ஊதாப் பட்டினை அரச குடும்பத்தார்க்கும் மிக உயர்ந்த சில பிரபுக்களுக்கும் உரியதாக்கிற்று. அவரவர் பட்டத்திற்கும் வருவாய்க்கும் ஏற்பத் துணி, உரோமம், சரிகை ஆகியவற்றை வரையறுத்தது. அத்தகைய சட்டங்கள் 1604-இல் நீக்கப்பெற்றன. செல்வம் பெற்ற வணிகர் பிரபுக்களைப்போல் உடுக்கத் தொடங்கியதைத் தடுக்கவே அவை எழுந்தன என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இறந்த காலம் கிடக்க. எதிர்காலத்தைக் கற்பனை செய்வோரும் இதனை விட்டாரில்லை. 1988-ஆம் ஆண்டில் மைக் பாண்ட்ஸ்மித் என்னும் அமெரிக்கர் ‘சைபர்பங்க்’ என்றொரு வேடம்புனை ஆட்டத்தை வெளியிட்டார். பெருங்குழுமங்கள் அரசினும் வலிமை பெற்றுவிட்ட வருங்கால நகரம் ஒன்று அதன் களம். அதன்வழி 2020-இற் கணினியாட்டமாக வெளிவந்த நூதனப் படைப்பில் அந்நகரத்து மாந்தரின் உடை நால்வகையாகப் பகுக்கப்படுகின்றது: பளபளப்பே குறியாகக் கொண்டது ஒன்று, வறுமையால் கிடைத்ததை ஒட்டவைத்து அணிவது ஒன்று, குழும அலுவலரின் விறைத்த படைக்கோலம் ஒன்று, பெருஞ்செல்வரின் ஆடம்பரம் ஒன்று. நம் விடுதித் தோழர் பலர் இவ்வாட்டத்தை நன்கறிவர். அந்நகரம் கொடிது, எனினும் ஆங்குப் பணம் கிடைத்தவன் மறுநாளே செல்வனைப்போல் உடுத்து வீதியில் நடக்கலாம். நம் நாட்டிற் பணம் இருந்தும் வாங்கிய துணியை உடுக்க இயலாதவர் இருந்தனர். கற்பனைக் கொடுமையினும் மெய்க்கொடுமை ஒருபடி மேற்சென்றது.

இதனை ஐயமற விளக்குவது தோள்சீலைப் போராட்டம். மதுரைக்குத் தெற்கே, 1956-ஆம் ஆண்டு முதற் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்துள்ள நிலப்பகுதி அக்காலத்தில் தென்திருவிதாங்கூராக இருந்தது. ஆங்கு நாடார் முதலிய குலத்துப் பெண்கள் இடைக்குமேல் ஆடை அணிதல் வழக்கிற்கு மாறாகக் கருதப்பட்டது. மேலுடலை மறையாது நிற்றலே உயர்ந்தோர்க்குச் செய்யும் மரியாதை என்பது அந்நாட்டு முறை. இலண்டன் மிஷன் சங்கத்தார் ஆங்குப் பணிபுரியத் தொடங்கியபின், மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் கிறிஸ்தவப் பெண்களுக்கெனத் தளர்ந்த குப்பாயம் ஒன்றை அமைத்தனர். நாகர்கோவிலிற் பின்னல் வேலை பயின்ற பெண்கள் தம் கைப்பொருளால் துணி வாங்கவும் வல்லராயினர்.

ஈண்டு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மிஷனரிகள் கொடுத்த குப்பாயத்தோடு அப்பெண்கள் அமைந்துவிடவில்லை. அதன்மேல், உயர்குலப் பெண்களைப் போலவே தோள்சீலையையும் இட்டனர். கலகம் மூண்டது. 1829-ஆம் ஆண்டின் அரசாணை குப்பாயத்தை ஏற்றுத் தோள்சீலையை விலக்கிற்று. உடலை மறைப்பதே பொருளாயின் குப்பாயமே போதும். அரசும் அதனைத் தடுக்கவில்லை. தடுக்கப்பட்டது ஒப்புமை. விரும்பப்பட்டதும் ஒப்புமையே. மிஷனரிகள் இதனை நாணம் பற்றிய வழக்காகக் கண்டனர். பெண்களோ இதனை நிகர் பற்றிய வழக்காகக் கண்டனர். மிஷன் கல்லூரி ஒன்றிற் பயிலும் நாம் இவ்வேறுபாட்டை மறைத்தெழுதுதல் முறையன்று. நம் சமய வரலாறு பேசுவோர் பலர் குப்பாயத்தை மட்டும் கூறி, தோள்சீலையை அதனுள் அடக்கிவிடுகின்றனர்.

1858-இன் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் கலகம் மீண்டும் பெருகிற்று. சந்தையிற் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. வீடுகளும் வழிபாட்டிடங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா ஆணை பிறப்பித்தார். மேலுடலை மறைக்கும் உரிமை நாடார் பெண்களுக்கு வழங்கப்பட்டது. ஆயினும் உயர்குலப் பெண்கள் அணியும் பாங்கினைப் பின்பற்றலாகாது என்னும் வாலொன்று அவ்வாணையில் ஒட்டியிருந்தது. உரிமை கொடுத்த கையே ஒப்புமையைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதே நிலப்பகுதியில் அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றிய ஆடவரைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். தலைப்பாகையும் அக்காலத்தில் அவர்க்கு மறுக்கப்பட்டதொன்று. சாமிதோப்பில் ஆடவர் இன்றும் தலைப்பாகையுடனேயே வழிபடுகின்றனர்.

தென்திருவிதாங்கூர் மன்னராட்சி, ஆங்கு ஆணை அரண்மனையினின்று வந்தது. மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலோ பிரித்தானியச் சட்டமே நடந்தது. உடையைப்பற்றிய சட்டம் ஒன்றும் ஏட்டில் இல்லை. ஆயினும் கட்டளை இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஊர்களில் மேலோங்கி நின்ற வகுப்பார் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். 1931-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்குத் தலைமை தாங்கிய ஹட்டன் அவற்றைப் பதிவு செய்துள்ளார். பொன் வெள்ளி அணிகள் ஆகா. ஆடவர் ஆடை முழங்காலுக்குக் கீழும் இடுப்பிற்கு மேலும் செல்லலாகாது. சட்டை, கோட்டு, பனியன் ஆகா. தலைமயிரைக் கிராப்பு வெட்டலாகாது. பெண்கள் ரவிக்கையாலும் தாவணியாலும் மேலுடலை மறைக்கலாகாது. பூச்சூடலும் மஞ்சள் பூசலும் ஆகா. குடையும் செருப்பும் ஆகா. மீறியோர் குடிசைகள் தீக்கிரையாயின. அத்தடைகளுட் பெரும்பாலன உடலின்மேல் அணிவன பற்றியனவே என்பது நோக்கத்தக்கது. கிராப்பும் பனியனும் விலையுயர்ந்த பொருள்கள் அல்ல. ஏழையும் வாங்கத்தக்கனவாக அவை மலிந்தமையாலேயே தடை தேவைப்பட்டது எனக் கருதுகின்றோம். எலிசபெத்தின் இங்கிலாந்திற் கண்டதும் இதுவே.

எழுதாத தடைகள் இவற்றினும் பல. பண்ணையார் எதிர்ப்படின் தோளிற் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பிற் கட்டிக்கொள்ள வேண்டும், அன்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். தெருவிற்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றிக் கையில் ஏந்த வேண்டும். மதுரையைச் சூழ்ந்த சில சிற்றூர்களில் இச்செருப்புத் தடை முற்றும் ஒழிந்திலது என்று இந்நூற்றாண்டிலும் செய்தித்தாள்கள் எழுதியுள்ளன. துண்டின் மொழி நுண்ணியது. தோளில் மடித்துக் கிடப்பின் கனவான்; தலையிற் கட்டின் உழவன்; இடுப்பிற் கட்டின் ஏவலன். அதே துண்டுதான், இடம் மாறியவுடன் மனிதன் மாறினான்.

கலைஞரும் இதற்கு விலக்கல்லர். நாதசுரக்காரர் மேலாடையைக் களைந்து இடையிற் கட்டிக்கொண்டே பெரியோர் முன் வாசித்தல் வேண்டும் என்பது செட்டிநாடு முதலிய இடங்களில் நிலவிய முறை. கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் வித்துவான் சிவக்கொழுந்து தோளில் துண்டுடன் வாசித்தபோது, அதனை எடுக்குமாறு சிலர் வற்புறுத்தினர். ஆங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்க வேண்டா என்று தடுத்து நின்றார். சுயமரியாதை இயக்கத்தார் இந்நிகழ்ச்சியைப் பல மேடைகளிற் பேசினர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வழி வேறு. அவர் எவரோடும் வாதிட்டு நில்லாது, குடுமியைக் களைந்து கிராப்பு வைத்து, ஷெர்வாணி அணிந்து மேடையேறினார். அக்கோலத்தை ஆடம்பரம் என்று நகைத்தோர் உண்டு. துண்டைக் களையச் சொல்லும் ஒருவன் ஷெர்வாணியை என் செய்வான்? களைந்து இடுப்பிற் கட்டத்தக்க துணி அதில் இல்லையே! நாகரிகம் என்று நாம் இகழும் ஒன்று சிலர்க்குக் கவசமாக இருந்தமை இதனால் விளங்கும்.

இனி, மதுரையிலேயே நிகழ்ந்து உலகறிந்த ஒன்றிற்கு வருவோம். இது நேர் எதிர்த் திசையில் நடந்தது.

காந்தியடிகள் இளமையில் உடையில் மிக்க கருத்துடையவர். இலண்டனில் மாணவராயிருந்தபோது பத்தொன்பது ஷில்லிங்கிற்கு நெடுந்தொப்பியும், பாண்ட் வீதியிற் பத்துப் பவுனுக்கு மாலை விருந்துடையும் வாங்கியதைத் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். 1893-இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் களையுமாறு கூறப்பட்டபோது களையாது வெளியேறியதும் அவரே. 1921 செப்டம்பரிற் சென்னையினின்று மதுரைக்கு இருப்பூர்தியில் வருங்கால் உடன் வந்தோரிற் பலர் அந்நியத் துணி உடுத்திருக்கக் கண்டார். கதர் வாங்க எம்மிடம் பணம் இல்லை என்றனர் அவர்கள். தாமோ குல்லாயும் சட்டையும் நீண்ட வேட்டியும் அணிந்திருந்தார். மேலமாசி வீதியில் தங்கிய வீட்டில், செப்டம்பர் 22-ஆம் நாட் காலை, அவற்றைக் களைந்து அரைமுழ வேட்டியை மேற்கொண்டார். அக்டோபர் 31 வரையிலேனும் இக்கோலம் என்றே முதலில் அறிவித்தார். அது 1948 ஜனவரி 30 வரை நீண்டது. அக்கோலத்தில் அவர் முதன்முதல் மக்கள்முன் தோன்றிய இடம் இன்றும் காந்தி பொட்டல் என வழங்குகின்றது. இறுதிநாளில் அவர் அணிந்திருந்த குருதி தோய்ந்த துணி, இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. கோலம் தொடங்கிய ஊரிலேயே அதன் முடிவும் வந்து சேர்ந்தது.

உலகம் இச்செயலைப் பெரிதும் போற்றிற்று. நாமும் போற்றுகின்றோம். எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. அவர் 1921-இல் மதுரையில் விரும்பி மேற்கொண்ட அதே கோலத்தை, ஒன்பது ஆண்டு கழித்து, அருகிலுள்ள இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மேல் வலிந்து சுமத்தினர். முழங்காலுக்குக் கீழும் இடுப்பிற்கு மேலும் துணி இல்லை, கோலம் ஒன்றே. ஒருவர்க்கு அது துறவு. மற்றவர்க்கு அது விலங்கு. சட்டையைக் களைதற்கு முதலிற் சட்டை அணியும் உரிமை வேண்டும். 1931-இல் இங்கிலாந்து மன்னரின் அரண்மனைக்கு அரைவேட்டியுடன் காந்தியடிகள் சென்றது வியப்பாயிற்று. சிற்றூர்ப் பண்ணையார் வீட்டு வாயிலில் அதே அரைவேட்டியுடன் நின்றவனை வியந்தோர் எவர்?

அண்ணல் அம்பேத்கர் கோட்டும் கழுத்துப்பட்டையும் விடாது அணிந்ததன் காரணம் இவ்விடத்தில் தெளிவாகும். 1927 டிசம்பரில் மகாடு மாநாட்டிற் பெண்களிடம் பேசுகையில், சேலையை உயர்குலப் பெண்களைப்போல் உடுக்குமாறும், குலத்தைக் காட்டிக்கொடுக்கும் பருத்த அணிகளைக் களையுமாறும் அவர் கூறினார். காந்தியடிகள் ஏழையொடு ஒப்புமை தேடிக் கீழிறங்கினார்; அம்பேத்கர் தம்மவரை உயர்ந்தோரொடு ஒப்புமை தேடி மேலேறச் சொன்னார். இருவருள் எவர் வழி சிறந்தது என்று விடுதியில் நள்ளிரவுவரை வாதிட்ட நாட்கள் உண்டு. தோள்சீலைப் பெண்களின் வரலாற்றைப் படித்தபின் நம் மனம் அம்பேத்கர் பக்கமே சாய்கின்றது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் துறவியாதல் இயலாது.

விடுதலைக்குப்பின் மேலாடை அடைந்த மாற்றங்கள் சுவையானவை. தோளிற் கிடந்தால் தண்டனைக்குரியதாயிருந்த துண்டு, கட்சித் தொண்டரின் பெருமையாயிற்று. கரையின் நிறம் கண்டு கட்சியை அறிகின்றோம். மதுரை வீதிகளில் வெள்ளைச் சட்டையும் கரைவேட்டியும் அணிந்து வருபவர்க்குக் கடைக்காரர் காட்டும் பணிவு துணிக்கா ஆளுக்கா என்பது ஆராய்தற்குரியது. நம் கல்லூரி விழாக்களிலும் சிறப்பு விருந்தினர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். துணியைக் களைந்து மரியாதை காட்டிய நாடு துணியைப் போர்த்தி மரியாதை காட்டக் கற்றுக்கொண்டது. கோயில்களிற் பரிவட்டம் கட்டும் முதல் மரியாதை யாருக்கு என்னும் பூசலோ இன்னும் தீர்ந்திலது. 2004-இல் நிறுவப்பெற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின்முன் அவ்வழக்குகள் வருவதுண்டு.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை பரவியது காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் (1954–1963). ஏழைப் பிள்ளையும் செல்வர் பிள்ளையும் ஒரே நிறத்தில் அமரும்பொழுது உடை வாய்மூடிக்கொள்ளும் என்பது அதன் கருத்து. சட்டையும் காற்சட்டையும் உண்மையில் வாய்மூடின. ஆனால் மணிக்கட்டு பேசத் தொடங்கிற்று. தென்மாவட்டப் பள்ளிகளில் இன்ன நிறக் கயிறு இன்ன சாதி என்று மாணவர் கட்டிக்கொள்ளும் வழக்கம் பரவிற்று. நண்பரைத் தேர்தல், கூட்டமாய் நிற்றல், மோதுதல் யாவும் அக்கயிற்றின் நிறம் கண்டே நிகழ்ந்தன. 2019-இற் பள்ளிக் கல்வித் துறை இதனைத் தடுக்குமாறு சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்பு எழவே அது நடைமுறைக்கு வரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் பயின்றோராலேயே வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் விலக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

உடைக்கு மீண்டும் ஒரு தடை! ஆயினும் முற்கூறிய தடைகளினின்று இது வேறு. அவை ஒப்பாக விரும்பியவரைத் தடுத்தன. இது ஒப்பாக விரும்பாதவரைத் தடுக்கின்றது. சமயக் குறி எது, சாதிக் குறி எது என்று பிரித்தறிவார் யார் என்று கேட்டு இதனை எதிர்ப்போர் உளர்; அக்கேள்வி எளிதன்று. நம்முடன் பயில்வோரிற் சிலர் அத்தகைய பள்ளிகளினின்று வந்தவர்கள். அவர்களிற் சிலர் முழுக்கைச் சட்டையையே எக்காலமும் அணிகின்றனர்; சித்திரை வெயிலிலும் கையை மடிப்பதில்லை.